ஆறுமுக நாவலர் சரித்திரமும் நல்லறிவு வளரும் முறையும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுடைய குருபூசையை நாம் கொண்டாடி வருகின்றோம். அபிஷேகம், ஆராதனை, மாகேசுர பூசை, பிரசங்கம் என்பன குறைவின்றி நடைபெறுகின்றன. அவர் செய்த காரியங்கள் இன்னின்னவென்று பிரசங்கிகள் எடுத்துரைப்பர். சபையோர் கேட்டு மகிழ்வர். ஆயினும், நல்லூரிலே பிறந்த ஒரு சிறு பிள்ளை எவ்வெப் படிகளிலே ஏறி அத்தகைய மனத்திண்மையை அடைந்தது என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. பிள்ளைகளைப் பெற்று வளர்க்கின்ற நமக்கும், அவர்களுக்குக் கற்பிக்கின்ற உபாத்தியாயர்களுக்கும் முக்கியமாக வேண்டப்படுவது அவ்வாராய்ச்சியேயாதலின், இம்முறை நாவலரவர்களுடைய சரித்திரத்தை அவ்வழியாகவே சொல்லத் துணிந்தோம்.

நன்று இது, தீது இது என்று பகுத்தறியும் வன்மை பிறக்கும்போதே மனிதருக்கு முழுமையாக வாய்ப்பதன்று. அது விதையினின்று முளை தோன்றுவதுபோலத் தோன்றி, காலத்தாலும் பயிற்சியாலும் வளர்வது. சுவிற்சர்லாந்து தேசத்து உளநூலறிஞராகிய பியாஜே என்பவர் கோலிக்குண்டு விளையாடும் பிள்ளைகளுடன் தாமும் அமர்ந்து, அவர்கள் விளையாட்டு விதிகளை எப்படிக் கருதுகின்றார்களென்று கேட்டறிந்து, 1932 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். இளம்பிள்ளைகள் விதியை மாற்றலாகாத கட்டளையாகக் கொள்கின்றார்கள் என்றும், அறியாமல் பல பாத்திரங்களை உடைத்தவனையே, திருட முயன்று ஒன்றை உடைத்தவனிலும் பெருங் குற்றவாளியாக எண்ணுகின்றார்கள் என்றும், வயது ஏறியபின்னரே செய்தவனுடைய கருத்தை நோக்கித் தீர்ப்புச் சொல்லுகின்றார்கள் என்றும் அவர் கண்டார். அவருக்குப் பின் அமெரிக்க தேசத்து லோறன்ஸ் கோல்பேர்க் என்பவர் 1958 ஆம் ஆண்டு முதலாக இவ்வாராய்ச்சியை விரித்து, தண்டனைக்கு அஞ்சியும் தன் இலாபத்தை நாடியும் நடக்கும் நிலை, சுற்றத்தார் மெச்சவும் சட்டம் நிலைக்கவும் நடக்கும் நிலை, யாவருக்கும் பொதுவாகிய நியாயத்தைத் தானே தெளிந்து நடக்கும் நிலை என மூன்று வகுத்து, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு படிகளாகப் பிரித்தார். அவருடன் பணியாற்றிய கரோல் கில்லிகன் என்னும் அம்மையார், நியாயத்தை நிறுப்பதோடு பிறர்மேற் பரிவு வைப்பதும் நல்லொழுக்கத்தின் வேரேயாம் என்று 1982 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். கோல்பேர்க்குடைய மூன்றாம் நிலையைப் பலர் அடைவதேயில்லை என்பதும் இவ்வாராய்ச்சியாற் கிடைத்த செய்தியாகும்.

சைவசமயிகளாகிய நமக்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களை வகுத்து, ஆன்மாக்களின் பரிபக்குவத்துக்கு ஏற்பவே உபதேசம் நிகழ வேண்டுமென்பது நமது ஆசாரியர்களுடைய துணிபு. கீழ்ப்படியில் நிற்பவனை இகழ்தலும், அவனை அங்கேயே நிறுத்திவைத்தலும் குற்றங்களாம். இனி நாவலரவர்களுடைய சரித்திரத்தை நோக்குவோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புத்திரராக, சித்திரபானு வருடம் மார்கழி மாதம், அதாவது 18-12-1822 இலே, இவர் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் ஆறுமுகம் என்பது. தந்தையார் தமிழ் கற்றவர். நாடகங்கள் இயற்றும் வன்மையுடையவர். பறங்கியர் ஆட்சிக் காலத்திலே திருநெல்வேலி என்னும் ஊரில் இருந்த ஞானப்பிரகாசர் இவர்களுடைய மரபினர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு ஒன்றைக் கொலைக்குக் கொடுக்க வேண்டுமென்று பறங்கியதிகாரி கட்டளையிட, தம்முடைய முறை வருமுன்னே அவர் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கி இந்தியாவுக்குச் சென்று, துறவியாகிப் பல நூல்களுக்கு ஆசிரியராயினார். அதிகாரத்துக்கு அஞ்சிக் கொடுத்திருந்தால் வீடும் நிலமும் மிஞ்சியிருக்கும். அவர் அவற்றை விட்டுச் சென்றார். இத்தகைய சரித்திரங்கள் வழங்கிய மரபிலே வளரும் பிள்ளைக்கு, தண்டனையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டென்பது சொல்லாமலே விளங்கிவிடும். நீதிநூலின் பொருள் பின்னர் விளங்கும். முன்னோருடைய செயலே முந்திப் பதியும்.

ஐந்தாம் வயதிலே வித்தியாரம்பம் நிகழ்ந்தது. நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்திலே நீதிநூல்களையும் நிகண்டு முதலியவற்றையும் இவர் கற்றார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூட முறை யாவருமறிந்ததே. மணலிலே எழுதி, ஏட்டைச் சுமந்து, பொருள் விளங்காவிடினும் நெட்டுருப் பண்ணி, பிழைவிட்டாற் சட்டம்பியாருடைய பிரம்புக்குக் கை நீட்டுவதே அது. இம்முறையை இக்காலத்தார் முற்றும் இகழ்வர். அச்சத்தால் வந்த ஒழுக்கம் அச்சம் நீங்கிய பொழுதே நீங்கும் என்பது மெய்யே. ஆயினும், இளமையிலே மனத்திற் படிந்த நீதிவாக்கியம் விதையைப்போல உறங்கிக் கிடந்து, அனுபவம் என்னும் மழை பெய்தபோது முளைப்பதும் உண்டு. விதைப்பதோடு நில்லாமல் நீர் பாய்ச்சுவோரும் வாய்த்தமையே ஆறுமுகம் என்னும் பிள்ளையின் பாக்கியம்.

ஒன்பது வயதளவிலே தந்தையார் தேகவியோகமாயினார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று குறையாய்க் கிடந்ததென்றும், அச்சிறு பிள்ளை எஞ்சிய பகுதியைத் தானே பாடி நிறைவேற்றியதென்றும் சரித்திரகாரர் கூறுவர். அதனைக் கல்வித்திறனுக்கு அடையாளமாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். நாமோ அதில் வேறொன்றையும் காண்கின்றோம். பிறர் ஏவாமலும், பிரம்புக்கு அஞ்சாமலும், தந்தை தொடங்கியது குறையாகக் கிடத்தலாகாதென்று அப்பிள்ளை கருதிற்று. கடமை என்பது வெளியிலிருந்து வரும் கட்டளையாயிருந்த நிலை மாறி, உள்ளிருந்து எழத் தொடங்கிய காலம் அதுவென்று கொள்ளலாம்.

மூத்த சகோதரர் இவரை இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும், அவர் மாணாக்கராகிய நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் கல்வி பயில விடுத்தனர். அவ்விருவரும் இலக்கண இலக்கியங்களிலே வல்லுநர். ஐயமெழுந்தால் வினாவுதலும், விடைக்கு ஆதாரங் கேட்டலும் அக்கல்வியில் வழக்கமாதலின், நெட்டுருப் பண்ணிய பிள்ளை நியாயம் வினாவும் மாணாக்கராயினார்.

பன்னிரண்டு வயதளவிலே, உவெசிலியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிலே இவர் சேர்ந்தார். பிற்காலத்திலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்றது அதுவே. அங்கே கற்றுத் தேர்ந்து, 1841 ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயது நிரம்புமுன், அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினார். பாதிரியார் இவருடைய புலமையை மெச்சி, விவிலிய நூலைத் தமிழிலே மொழிபெயர்க்குங் காரியத்திலே இவரைத் தமக்குத் துணையாகக் கொண்டார். இருவரும் பல ஆண்டுகள் உழைத்த அம்மொழிபெயர்ப்பு 1850 ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

இங்கே வாசகர்கள் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். விபூதி தரித்துச் சிவபூசைக்குரிய ஒழுக்கத்தோடு வாழ்ந்த ஒரு சைவ வாலிபர், பகல் முழுவதும் பிறசமய வேதத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்துத் தமிழாக்குகின்றார். வேதனமும் மதிப்பும் அங்கிருந்தே வருகின்றன. கற்பித்த ஆசிரியரோ அன்புடையவர். இவரோடொத்த வாலிபர் பலர் உத்தியோகத்தை நாடிச் சமயம் மாறினர். சிலர் உள்ளொன்றும் புறமொன்றுமாய் வாழ்ந்தனர். இவர் இரண்டையும் செய்யவில்லை. ஒப்புக்கொண்ட பணியைப் பழுதறச் செய்தார். அதே காலத்தில், ஓய்வு வேளைகளிலே வேதாகம புராணங்களையும் சைவசித்தாந்த சாத்திரங்களையும் தாமே துருவிக் கற்றார். கோல்பேர்க் கூறும் இரண்டாம் நிலையிலுள்ளவனுக்குச் சுற்றத்தார் மெச்சுவதே அளவுகோல். இவருக்கோ இரு சுற்றங்கள் இருந்தன. ஒன்று மெச்சுவதை மற்றொன்று வெறுத்தது. எந்தச் சுற்றத்தைப் பின்பற்றுவதென்னும் வினாவுக்குச் சுற்றம் விடைகூறாது. ஆதலால், இரண்டையும் நிறுக்கத்தக்க துலாக்கோல் ஒன்றை இவர் தமக்குள்ளே தேட வேண்டியதாயிற்று.

அத்துலாக்கோல் இவருக்கு எப்படி வாய்த்ததென்பதை, பின்னர் 1854 ஆம் ஆண்டிலே வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலால் அறியலாம். சைவாலயங்களிலே நிகழும் தீபம், தூபம், நைவேத்தியம் முதலிய கிரியைகளைப் பாதிரிமார் பேதைமையென்று பழித்து வந்தனர். விவிலிய நூலை எழுத்தெண்ணிப் படித்த நாவலரவர்கள், அந்நூலின் பழைய ஏற்பாட்டிலே எருசலேம் தேவாலயத்துக்கு விதிக்கப்பட்ட தீபமும் தூபமும் படையலும் இருத்தலை எடுத்துக்காட்டி, ஓரிடத்திலே தெய்வ கட்டளையென்று வணங்குவதை மற்றோரிடத்திலே மூடத்தனமென்று இகழ்தல் எந்த நியாயத்தின்பாற்படும் என்று வினாவினார். தனக்கு ஓரளவும் பிறனுக்கு ஓரளவும் வைத்து அளத்தலாகாது என்பதே அந்நூல் முழுவதும் ஓடும் நியாயம். நீதி என்பதன் உயிர்நிலையும் இதுவேயாம்.

மனத்திலே தெளிந்தது செயலாக வேண்டிய காலமும் வந்தது. 31-12-1847, வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே இவர் முதற் பிரசங்கஞ் செய்தார். அன்று தொட்டு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் இவருடன் துணைநின்று பிரசங்கித்தார். கடவுள் வாழ்த்து, ஆலய சேவை, சிவபத்தி என்பவற்றோடு கொலை, களவு, கள்ளுண்டல், பொய் முதலியவற்றின் தீங்குகளும் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. 1848 ஆம் ஆண்டிலே, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே மிசன் பாடசாலை உத்தியோகத்தையும் துறந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. கையிற் பொருளில்லை, மாணாக்கரிடம் வேதனம் வாங்குவதுமில்லை. விவாகத்தையும் விலக்கி, ஆயுள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார்.

மறுவருடம், 1849 இலே, அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தம் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குப் பயணமானார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் இவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு வியந்து, அவ்வாதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். கொண்டுவந்த அச்சியந்திரத்தை வண்ணார்பண்ணையிலே நிறுவி, அவ்வியந்திரசாலைக்கு வித்தியாநுபாலனம் என்று பெயரிட்டார். அங்கிருந்து முதன்முதல் வெளிவந்தவற்றுள் பிள்ளைகளுக்குரிய பாலபாடங்களும் அடங்கும்.

பாலபாடங்களை நாம் எல்லோரும் சிறுபிராயத்திலே கையிலேந்தியவர்களே. அவற்றை வளர்ந்த கண்ணோடு மீட்டும் நோக்கினால், அவற்றின் வைப்புமுறை நன்கு விளங்கும். முதற் பாலபாடம் எழுத்துக்களையும் சிறு சொற்றொடர்களையும் காட்டி, செய்ய வேண்டியதையும் தவிர வேண்டியதையும் ஒவ்வொரு வரியிலே முடிக்கின்றது, காரணம் விரிப்பதில்லை. மேல்வரும் புத்தகங்களிலே வாக்கியங்கள் நீள்கின்றன, கதைகள் வருகின்றன, செயலுக்கு விளைவு காட்டப்படுகின்றது. நான்காம் பாலபாடத்துக்கு வந்தால், கடவுள், ஆன்மா என்று தொடங்கி, கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, பொய், அழுக்காறு, கோபம், சூது, செய்ந்நன்றி மறத்தல், தானம், கல்வி என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கட்டுரை அமைத்து, ஏன் தீது, ஏன் நன்று என்று நியாயங்காட்டி நிறுவுகின்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கட்டளையும், எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதையும், பதின்மூன்று வயது மாணாக்கனுக்குக் காரணமும் வேண்டுமென்பதை, பியாஜே பிறப்பதற்கு (1896) முன்னரே, வண்ணார்பண்ணையிலிருந்த இவ்வாசிரியர் தம் அநுபவத்தாற் கண்டுகொண்டார். பெரியபுராணத்தை வசன நடையில் எழுதி 1852 ஆம் ஆண்டிலே வெளியிட்டதும் இக்கருத்துப்பற்றியே என்க. அடியார் சரித்திரம் செய்யுளிலே பூட்டப்பட்டிருந்தால் புலவர் மாத்திரமே பயனடைவர். வசனத்தில் வந்தால் எழுத்தறிந்த ஒவ்வொரு பிள்ளையும், அடியாரொருவர் இக்கட்டிலே எப்படித் துணிந்தாரென்று தானே வாசித்துச் சிந்திக்கும். சைவ வினாவிடைகளும் அத்தகையனவே. வினாவி விடை பெறும் வழக்கத்தைப் பிள்ளையின் நாவிலே பழக்கினால், அவ்வழக்கம் காலகதியில் மனத்திலும் ஊறும் என்பது அவர் நம்பிக்கை.

பிறரை நிறுத்த துலாக்கோலிலே தம்மவரை நிறுத்தல் மிக அரிது. அந்நியர் குற்றத்தை எடுத்துரைத்தாற் கைதட்டுவோர், தம் குற்றத்தை எடுத்துரைத்தாற் கல்லெடுப்பர். நாவலரவர்கள் இதற்கும் பின்வாங்கவில்லை. 1872 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்தை வெளியிட்டு, சைவர்களிடத்தும் ஆலயங்களிடத்தும் மலிந்து கிடந்த குறைகளைக் கண்டித்தார். கோயிற் பணத்துக்குக் கணக்குக் காட்டாமை, ஆகமவிதி பிறழ்தல், உயிர்ப்பலியிடுதல் ஆகியவற்றை வன்மையாக எதிர்த்தார். தாம் பிறந்த ஊராகிய நல்லூரின் கந்தசுவாமி கோயில் விஷயத்திலேயே பெரும் பகை தேடிக்கொண்டார். தீட்சையும் ஒழுக்கமும் இல்லாதவர் பிராமணரேயாயினும் அவரிடத்திலே விபூதி வாங்குதல் தகாதென்று சாதித்தார். தன் கூட்டத்தார் வெறுப்பினும் நியாயமென்று கண்டதைச் சொல்லும் நிலை, மேனாட்டார் மேற்படியென்று வைத்த நிலையேயாம்.

இனி, அவருடைய இறுதிக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 1876 ஆம் ஆண்டு முதலாகத் தென்னிந்தியாவிலே கொடிய பஞ்சம் பரவிற்று. யாழ்ப்பாணத்தார் உண்ணும் அரிசியிற் பெரும்பங்கு கடல் கடந்தே வந்தமையால், விலை ஏறி, ஏழைகள் பட்டினியால் வருந்தினர்; பேதிநோயும் கூடிற்று. நாவலரவர்கள் பொருளுள்ளவர்களை வேண்டிப் பணமும் அரிசியுஞ் சேர்த்துக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அதனோடமையாது, அரசாங்க ஏசண்டராகிய துவைனந்துரை சனங்களுடைய துன்பத்தை உள்ளபடி உணர்ந்து ஆவன செய்யவில்லையென்று வெளிப்படையாக எழுதியும் கண்டித்தார். 1879 ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதனே தக்காரென்று சனங்களிடையே எடுத்துரைத்து ஆதரவு திரட்டியதும் இத்தொடர்பிலேயே வைத்தெண்ணத்தக்கது. ஏட்டுச்சுவடியும் கண்டனமுமாய்க் கழிந்த ஒரு வாழ்க்கை, கஞ்சி வார்க்குந் தொட்டியருகே வந்து நின்றமையை நாம் பெரிதும் போற்றுகின்றோம். நியாயத்தை நிறுத்தறிந்த அறிவும், பசித்தவனைக் கண்டிரங்கும் நெஞ்சும் அவ்விடத்திலே ஒன்றாயின. கில்லிகன் அம்மையார் வேண்டிய இணைப்பும் இதுவேயன்றோ?

இவ்வளவும் சொல்லியபின், சொல்லாமல் விடலாகாத ஒன்று எஞ்சி நிற்கின்றது. குருபூசைப் பிரசங்கங்களிலே இதனை எடுப்பாரில்லை. பெரியோரிடத்திற் குறை காண்பது அபசாரமென்று சிலர் கருதுவர். ஆயினும், ஒரே துலாக்கோலை யாவருக்கும் வைக்கக் கற்பித்தவரை அத்துலாக்கோலாலே நிறுத்தல் அவருக்குச் செய்யும் அபசாரமாகாதென்று துணிந்தே எழுதுகின்றோம்.

சாதியொழுக்கத்தை நாவலரவர்கள் தம் காலத்து உயர்குடியார் கொண்டவாறே கொண்டார். அவருடைய நூல்களிலும் பாடசாலை ஏற்பாட்டிலும் அது காணப்படுகின்றது. தாழ்த்தப்பட்ட சாதியாருடைய பிள்ளைகளுக்கு அவர் தாபித்த வித்தியாசாலையிலே இடமிருக்கவில்லை. பிராமணரைப் பிறப்பால் மதியாது ஒழுக்கத்தால் நிறுத்தவர், பனையேறுவோனையும் பறையடிப்போனையும் அவ்வாறே ஒழுக்கத்தால் நிறுக்க முன்வரவில்லை. பெரியபுராணத்திலே திருநாளைப்போவாருடைய சரித்திரத்தையும் திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய சரித்திரத்தையும் வசனமாக்கிய கை, அச்சரித்திரங்களுக்குரிய குலத்தாருக்குப் பாடசாலைக் கதவைத் திறக்கவில்லை. இராமலிங்க அடிகளுடைய பாடல்களை அருட்பா எனலாமோ என்பதுபற்றி எழுந்த விவாதத்திலும், வாதத்தின் சூடு மிகுந்து, 1869 ஆம் ஆண்டிலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. சைவப் பெரியார் இருவர் எதிரெதிரே நின்ற அக்காட்சி இரு திறத்தாருக்கும் துன்பமாகவே முடிந்தது.

இவற்றுள் முன்னையதே நம்மைப் பெரிதும் வருத்துவது. அக்காலத்தில் யாவரும் அப்படியே இருந்தனரென்று சொல்லித் தப்பலாம். ஆயினும், யாவரும் செய்வதை ஆராயாமற் செய்யாதவர் என்பதே அவருடைய பெருமையாதலின், அச்சமாதானம் அவருக்குப் பொருந்தாது. உண்மை யாதெனின், மனிதனுடைய விவேகம் எல்லாத் திசையிலும் ஒருங்கே வளர்வதில்லை. ஒரு திசையிலே மலையளவு உயர்ந்தவர் மற்றொரு திசையிலே தம் தெருவின் வேலியளவே நிற்றல் கூடும். பிறந்த நாள் முதலாகக் கண்டு பழகிய வேலியைக் கண் காண்பதேயில்லை. பாதிரியாருடைய பிழையும் கோயிலதிகாரியுடைய பிழையும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. பழக்கம் மறைத்த பிழை தெரியவில்லை. அத்தகைய வேலி ஒவ்வொருவர் கண்முன்னும் உண்டு என்பதை நினைந்து நாம் அஞ்சுதல் தகும்.

அவர் விட்ட குறையைப் பின்வந்தோர் சிறிது சிறிதாக நீக்க முயன்றனர். 1924 ஆம் ஆண்டிலே தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற சங்கத்தார் பாடசாலைகளிலே சமமாக இருத்தலும் உடனுண்ணுதலும் வேண்டுமென்று போராடினர். 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யுஞ் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட வந்தோர் தடுக்கப்பட்டுக் கலகம் விளைந்தது. சட்டம் எழுதப்பட்டுப் பதினோராண்டு சென்றும் மனம் அவ்விடத்தை எட்டவில்லை. ஒரு மனிதன் படிப்படியாக ஏறுவதுபோலவே ஒரு சமூகமும் ஏறுகின்றது. ஏறாமல் நின்றுவிடுவதும் உண்டு.

சைவாபிமானிகளே! இச்சரித்திரத்தால் நாம் பெறும் பயன் யாது? பிள்ளைகளுக்குக் கட்டளை வேண்டும்; இளமையிலே நீதிவாக்கியங்களை மனத்திற் பதித்தல் வேண்டும். அவ்வளவில் நின்றுவிட்டால், பிரம்பு உள்ளவரையில் நல்லவனாயிருக்கும் ஒருவனையே உண்டாக்குவோம். ஏன் என்று பிள்ளை வினாவும்போது அதட்டாமல் விடை கூறுவோமாக. விடை தெரியாதாயின் தெரியாதென்று ஒப்புக்கொண்டு அதனோடு சேர்ந்து தேடுவோமாக. முன்னோருடைய தைரியத்தைக் கதையாகச் சொல்லுவோமாக. அவர்களுடைய குறையையும் மறையாது, வெறுப்பின்றிச் சொல்லுவோமாக. குறையில்லாத பெரியோரைக் கேட்டு வளரும் பிள்ளை, தன்னால் அவர்போல் ஆகமுடியாதென்று கைகூப்பி விலகிப்போம். முயன்று ஏறிய பெரியோரைக் கேட்டு வளரும் பிள்ளை, அவர் நின்ற படிக்குமேல் தானும் ஒரு படி ஏறலாமென்று துணியும். வீட்டிலே வேலைசெய்ய வருபவரை நாம் எப்படி அழைக்கின்றோம், எந்தப் பாத்திரத்திலே தண்ணீர் கொடுக்கின்றோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேயிருக்கின்றார்கள் என்பதையும் மறவாதிருப்போமாக. பாலபாடத்திலே அவர்கள் வாசிப்பதைவிட அதுவே ஆழமாகப் பதியும்.

நாவலரவர்கள் 1879 ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணையிலே தமது கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். பிரமாதி வருடம் கார்த்திகை மாதம், 5-12-1879 இலே, ஐம்பத்தேழாம் வயது நிரம்புதற்குச் சில நாள்களின் முன், சிவபதமடைந்தார். அவர் விதைத்த விதையினின்று 1888 ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபையும், அதன் முயற்சியால் 1890 ஆம் ஆண்டிலே இந்துக் கல்லூரியும் தோன்றின. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல தலைமுறையாக அவருடைய பாலபாடங்களைக் கையிலேந்தி எழுத்தறிந்தனர்.

அவர் தூக்கிய துலாக்கோல் இன்று நம் கையில் இருக்கின்றது. அதன் ஒரு தட்டிலே பிறரையும் மறுதட்டிலே நம்மையும் வைத்து, கோல் சாயாது நிறுக்கும் மனத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருளும்வண்ணம், நல்லூரிலே எழுந்தருளியிருக்கும் குமாரக்கடவுளுடைய திருவடிகளைச் சிந்தித்து வணங்குவோமாக.